வாக்கு எண்ணி முடிந்த பிறகு

மதுரையிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் ரயில் பாதையில், கூடல் நகரை அடுத்து வரும் சமயநல்லூருக்கு அரசியல் வரலாற்றில் ஒரு சிறு இடம் உண்டு. பல ஆண்டுகள் அது ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராக, அதிலும் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதியின் பெயராக வழங்கிவந்தது. அந்தப் பெயரில் கடைசியாக 2006-ஆம் ஆண்டில் தேர்தல் நடந்தது. அதில் வென்ற தமிழரசி ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானார். பின்னர் வந்த தொகுதி மறுசீரமைப்பில் அத்தொகுதி மறைந்தது. ஆயினும் இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப் புகும் விஷயம் சட்டமன்றத் தேர்தலைப் பற்றியதன்று. சட்டமன்றத்துக்குப் போட்டியிடுகிறவர் நமக்குச் சுவரொட்டியில் காணும் முகம். அவர் தோற்றாலும் வென்றாலும் நாளைக் காலையில் நம் தெருக்குழாயடியில் வந்து நிற்கப் போவதில்லை. ஊராட்சித் தேர்தலில் எதிர்த்து நின்றவரோ அடுத்த தெருக்காரர். அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். பல சமயங்களில் பங்காளி, அல்லது மாமன் மச்சான் முறையுடையவர். கட்சிச் சின்னம் ஏதுமின்றி, பூட்டு சாவி என்றும் ஆட்டோ ரிக்ஷா என்றும் ஒதுக்கப்பட்ட சின்னங்களோடு, இளஞ்சிவப்புத் தாளில் முத்திரை குத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அந்தச் சிறு தேர்தல் விளைக்கிற விரோதம், டில்லி அரசாங்கத்தையே மாற்றும் பெருந்தேர்தல் விளைக்கும் விரோதத்தைக் காட்டிலும் ஆழமாக வேரோடுவது ஏன் என்பதும், அது எந்த நிலைமைகளில் தணிகிறது, எந்த நிலைமைகளில் தணிய மறுக்கிறது என்பதுமே நம் கேள்வி.

2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரு தினங்களில், மதுரை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 2-ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. அதை அடுத்து வந்த தை, மாசி மாதங்களில் இந்த வட்டாரத்தில் யார் யாரை மன்னித்தார்கள், யார் மன்னிக்க மறுத்தார்கள் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் ஒருவர், காவல் நிலையப் பதிவேடுகளைப் புரட்டுவதைவிடக் காதுகுத்து வீடுகளின் மொய் நோட்டுகளைப் புரட்டியிருந்தால் துல்லியமான விடை கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். மதுரைச் சீமையில் செய்முறை என்று வழங்கும் இந்த ஏற்பாடு வெறும் அன்பளிப்பன்று. இன்னார் இத்தனை ரூபாய் எழுதினார், இன்னார் ஆட்டுக்கிடாய் கொண்டுவந்தார் என்று நோட்டில் ஏறிய ஒவ்வொரு வரியும், அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யவேண்டிய கடமையாகி, தகப்பன் காலத்துக்குப் பின் மகன் தலையில் இறங்குகிறது. வாங்கியதற்குமேல் கொஞ்சம் கூட்டி எழுதினால் உறவு தொடர்கிறது என்று பொருள். வாங்கியதை மட்டும் கச்சிதமாகத் திருப்பி எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வெளியேறினால், கணக்கு முடிந்தது என்பதை அவர் வாய்திறவாமலே அறிவித்துவிட்டதாகப் பல குடும்பங்களில் கொள்வார்கள். ஆகவே தேர்தலில் தோற்ற வீட்டார் வென்ற வீட்டாரின் விசேஷத்துக்குப் போகாமல் இருக்கும்போது, அறுபடுவது ஒரு வேளை விருந்தன்று, இரண்டு தலைமுறைப் பற்றுவரவு. அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிந்து இரண்டு வாரங்களில் வந்த நன்றி நவிலல் பண்டிகையன்று, மாற்றுக் கட்சிக்கு வாக்களித்த வட்டாரங்களிலுள்ள உறவினர் வீட்டுக்கு விருந்துண்ணப் போனவர்கள், வழக்கத்துக்கு 30 முதல் 50 நிமிஷம் முன்னதாகவே எழுந்து வந்துவிட்டார்கள் என்று, கைப்பேசிகளின் இருப்பிடத் தகவல்களைத் திரட்டிச் சென், ரோலா என்னும் இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். அவர்கள் விருந்தைச் சுருக்கினார்கள். நம்மவர்கள் வாசற்படியே மிதிப்பதில்லை.

இந்த மனஸ்தாபம் மனத்தின் அளவில் நின்றுவிடுவதன்று, சரீரத்திலும் தன் அடையாளத்தைப் பதிக்கிறது. 2008-ஆம் ஆண்டு ஒபாமா வென்ற இரவில், ஸ்டாண்டன் என்பவரும் அவருடைய சகாக்களும், வாக்களித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த சிலரின் உமிழ்நீரை முடிவு அறிவிக்கப்படுமுன்னும் பின்னும் சேகரித்துப் பரிசோதித்தார்கள். தோற்ற வேட்பாளர்களுக்கு வாக்களித்திருந்த ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு சட்டென்று குறைந்தது. வென்றவருக்கு வாக்களித்த ஆண்களுக்கோ அது குறையாமல் நிலைத்து நின்றது. மற்போரில் நேரடியாகத் தோற்ற ஒருவனின் உடலில் நிகழக்கூடிய மாற்றம், வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண வாக்காளனின் உடலில் நிகழ்ந்திருக்கிறது. மற்றோர் ஆய்வில், தோற்ற கட்சிக்காரர்களிடம் கார்ட்டிசால் என்னும், மன அழுத்தத்தோடு தொடர்புடைய சுரப்பு உயர்ந்தது தெரியவந்தது. தேர்தல் முடிவு வந்த இரவில் ஒருவர் உறங்காமல் புரண்டால், அவருக்குப் பக்குவம் போதாது என்று உபதேசிக்கப் புறப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பகைக்குக் காரணம் எவ்வளவு அற்பமாக இருந்தாலும் போதும் என்பதை, பிரிஸ்டல் நகரில் ஹென்றி டாஜ்ஃபெல் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனைகள் காட்டின. கிளே என்ற ஓவியரைப் பிடிக்கிறதா, காண்டின்ஸ்கி என்ற ஓவியரைப் பிடிக்கிறதா என்று கேட்டுப் பையன்களை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டதாக அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரிவினை குருட்டாம்போக்கில் செய்யப்பட்டது. தன் அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட அறியாத அப்பையன்கள், காசு பங்கிடும் வாய்ப்புக் கிடைத்ததும், தன் அணிக்கு அதிக லாபம் கிடைப்பதைவிட எதிரணியைக் காட்டிலும் தன் அணி மேலே நிற்பதையே பலமுறை விரும்பினார்கள். பெயரளவிலான ஓர் அணியே இவ்வளவு செய்யுமானால், சாதியும் தெருவும் குலதெய்வமும் சேர்ந்து ஏற்கெனவே அணிவகுத்து வைத்திருக்கிற ஓர் ஊரில், தேர்தல் புதிதாக எதையும் சிருஷ்டிப்பதில்லை. இருப்பதை எண்ணிக்கையாக மாற்றி, எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று ஊரறியச் சொல்லிவிடுகிறது. எந்த வார்டில் எத்தனை வாக்கு விழுந்தது என்று தெரிந்தபின், நேற்றுவரை சிரித்துப் பேசியவர்களில் யார் பொய் சொன்னார்கள் என்று கணக்கிடாத வேட்பாளரைக் காண்பது அரிது.

அப்படிக் கணக்கிட்டுக் கருவிக்கொண்டிருப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளவேண்டும். சூரிச் நகரில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பண விளையாட்டு ஒன்றில் தன்னை வஞ்சித்த எதிராளியைத் தண்டிப்பதா வேண்டாமா என்று ஒருவர் தீர்மானிக்கும் நேரத்தில் அவருடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வெகுமதியை எதிர்நோக்கும்போது தூண்டப்படும் உட்பகுதியே அப்போதும் தூண்டப்பட்டது; அது எவ்வளவு அதிகம் தூண்டப்பட்டதோ, அவ்வளவு அதிகமாகத் தம் சொந்தப் பணத்தைச் செலவழித்தேனும் எதிரியைத் தண்டிக்க அவர்கள் முன்வந்தார்கள். கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் உண்மையன்று. தம்மை அவமதித்தவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்திய மாணவர்கள், எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்த மாணவர்களைக் காட்டிலும் அதிகக் கோபத்தோடு எழுந்தார்கள் என்று புஷ்மன் 2002-இல் காட்டினார். தேர்தலுக்கு மறுநாள் தொடங்கி டீக்கடைப் பெஞ்சில் தோல்விக் கதையை மீண்டும் மீண்டும் பேசுவது ஆறுதல் தருவதுபோல் தோன்றினாலும், ஒவ்வொரு தடவையும் காயத்தைப் புதுப்பிக்கவே அது உதவுகிறது.

இனி, மன்னிப்பு என்பது எங்கிருந்து வருகிறது? அதை மகான்களுக்கு உரிய ஓர் அபூர்வ குணமாகக் கருதுவது நம் மரபு. உயிரியல் வல்லுநர்களோ அதைக் குரங்குகளிடம் கண்டுபிடித்தார்கள். ஹாலந்து நாட்டின் ஆர்னெம் நகர விலங்குக் காட்சிசாலையில் சிம்பன்சிக் கூட்டமொன்றை நெடுநாள் கவனித்துவந்த ஃபிரான்ஸ் டி வால் என்பவர், சண்டையிட்டுப் பிரிந்த இரண்டு விலங்குகள் சற்று நேரத்தில் ஒன்றையொன்று தேடிச் சென்று, கை நீட்டி, முத்தமிட்டு, உடம்பைத் தடவிவிடுவதை 1979-இல் தம் துணை ஆய்வாளரோடு சேர்ந்து எழுதி வெளியிட்டார். சண்டை போட்டவை விலகிப்போகும் என்றுதான் அதுவரை எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். சண்டைக்குப் பிறகே அவை நெருங்கி வருவதைக் கண்டபோது விலங்கியலில் ஒரு புதிய துறை பிறந்தது. ஆனால் எல்லாச் சண்டைகளும் இப்படிச் சமாதானத்தில் முடிவதில்லை. சில ஜோடிகள் சமாதானம் செய்துகொள்கின்றன; சில செய்துகொள்வதில்லை. எந்த ஜோடி, ஏன் என்ற கேள்விக்கு 1993-இல் மரீனா கார்ட்ஸ், சில்வி தர்ன்ஹியர் என்னும் இரு பெண்மணிகள் செய்த பரிசோதனை, இத்துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் சாதுரியமானது என்று சொல்வேன்.

அழகர்மலைப் பாதையில் பக்தர்களின் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்தோடும் நாட்டுக் குரங்குக்கு நெருங்கிய உறவான, நீண்ட வாலுடைய ஒரு குரங்கினத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டிரண்டாகப் பிரித்து வைத்து, சிறு சண்டைகளை வேண்டுமென்றே மூட்டிவிட்டு, சண்டைக்குப் பிறகு எத்தனை முறை சமாதானம் நிகழ்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு அதே ஜோடிகளுக்கு ஒரு புதிய வித்தையைப் பயிற்றினார்கள்: இரண்டும் அருகருகே உட்கார்ந்தால் மட்டுமே சோளப்பொரி கிடைக்கும், தனியாக ஒன்று போய் உட்கார்ந்தால் ஒன்றும் கிடைக்காது. இந்தப் பயிற்சி முடிந்தபின் மறுபடியும் சண்டை மூட்டிப் பார்த்தபோது, சமாதானத்தின் அளவு முன்னைக் காட்டிலும் சுமார் மூன்று மடங்காக உயர்ந்திருந்தது. அக்குரங்குகளின் சுபாவம் மாறவில்லை. அவற்றுக்கு யாரும் சாந்தியை உபதேசிக்கவில்லை. எதிரி உபயோகமுள்ளவனாக ஆனான், அவ்வளவே.

இதைப் போன்ற ஆராய்ச்சிகளையும் மனிதர்களிடம் தாம் செய்த ஆய்வுகளையும் ஒருங்கே வைத்து, மைக்கேல் மெக்கல்லோ என்னும் மனவியல் அறிஞர் 2008-இல் ஒரு நூல் எழுதினார். பழிவாங்கும் இச்சையும் மன்னிக்கும் இச்சையும், இரண்டுமே பரிணாமத்தில் உருவாகி நம்முள் நிலைத்த கருவிகள். ஒன்று நோய், மற்றொன்று மருந்து என்று பிரிப்பது தவறு என்பது அவருடைய கருத்து. தீங்கு செய்தவனைப் பற்றி மனம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: இவனுடைய உறவு எனக்கு எதிர்காலத்தில் பயன்படுமா? இவனை மன்னித்தால், மறுபடியும் என்னை ஏய்ப்பானா? முதற்கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை கிடைக்கும்போது, பெரும்பாலும் நம்மை அறியாமலே கோபம் இளகத் தொடங்குகிறது. இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும், எவ்வளவு நற்குணமுள்ளவராயினும் உள்ளம் இறுகியே நிற்கிறது. இக்கொள்கை முழுமையானது என்று நான் சொல்லமாட்டேன். பிரதிபலன் கருதாமல் மன்னித்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆயினும் தேர்தல் பகையைப் புரிந்துகொள்ள இதைப்போல் உதவும் வேறொரு கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டு அரசியலில் இதற்கு மிகச் சிறந்த திருஷ்டாந்தம் 1967-ஆம் ஆண்டு. 1949-இல் பெரியாரை விட்டுப் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்த அண்ணாதுரையையும் அவருடைய தோழர்களையும், கண்ணீர்த்துளிகள் என்று கேலியாக அழைத்துப் பதினெட்டு ஆண்டுகள் எதிர்த்துவந்த பெரியார், 1967 தேர்தலில் காங்கிரஸுக்காகவே பிரசாரம் செய்தார். காங்கிரஸ் வீழ்ந்தது. விருதுநகரில் காமராசரே, பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். முதலமைச்சராகப் பதவியேற்குமுன் அண்ணா செய்த முதற்காரியங்களில் ஒன்று, தோழர்களுடன் திருச்சிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தது. பின்னர் தம் ஆட்சியையே பெரியாருக்குக் காணிக்கையாக்கினார். சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டபூர்வமாக்கும் சட்டமும் அந்த ஆட்சியிலேயே நிறைவேறியது. இதை அண்ணாவின் பெருந்தன்மை என்று புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்; புகழ் பொருத்தமானதே. ஆனால் நம் கருவியைக் கொண்டு பார்த்தால் இன்னும் சில நுட்பங்கள் புலப்படுகின்றன. தோற்ற அணியில் நின்றவர் வென்றவரைத் தேடிப் போயிருந்தால் அது சரணாகதி என்று தோன்றியிருக்கும். வென்றவர் போனதால் அந்த ஐயத்துக்கே இடமில்லை. வென்றவர் சும்மா ஒரு தந்தி அனுப்பியிருக்கலாம். போய் நின்றதால், அப்பயணம் அவருக்குச் சொந்தக் கட்சிக்குள்ளேயே சங்கடம் விளைக்கக்கூடிய ஒரு செலவாயிற்று. செலவுபிடிக்கும் மன்னிப்புக் கோரிக்கைகளையே மனிதர்கள் மெய்யானவை என்று நம்புகிறார்கள் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்களாகிய ஒட்சுபோவும் வாத்தனபேயும் 2009-இல் பரிசோதனைகளால் காட்டினார்கள். அதற்குமேல், பெரியாரின் லட்சியங்கள் நிறைவேற அண்ணாவின் ஆட்சி தேவைப்பட்டது. அண்ணாவின் ஆட்சிக்குப் பெரியாரின் ஆசி தேவைப்பட்டது. பரஸ்பரப் பயன் இருந்தது. ஏய்க்கப்படும் பயம் இல்லை. பதினெட்டு ஆண்டுப் பகை கரையப் பல ஆண்டுகள் தேவைப்படவில்லை.

எல்லாத் தேர்தல் பகைகளும் இப்படிப்பட்டவை என்று எண்ணிவிட்டால், நாம் மதுரை மாவட்டத்தை அறியாதவர்களாவோம். மேலூர் வட்டாரத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு செய்யவிடாமல் தடுத்தல், வாக்குச்சாவடியைச் சூறையாடுதல் என்று தடைபட்டுத் தடைபட்டு, அவ்வாண்டின் கடைசி நாளில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவரும் உடன் வந்தவர்களுமாக ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசாங்கம் முன்கூட்டியே விடுதலை செய்தது. இங்கே மன்னிக்க மறுத்தவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். தேர்தலில் நின்றதையே ஒரு குற்றமாகக் கருதி, அதை மன்னிக்க மறுத்தவர்கள் ஆதிக்கச் சாதியினர். மன்னிக்கவேண்டிய கடமையைப் பிறகு சமூகம் யார் தலையில் சுமத்தியது என்றால், உயிர் இழந்தவர்களின் குடும்பங்கள் தலையில். முன்விடுதலைக்கு அக்குடும்பங்களின் சம்மதம் தேவைப்படவில்லை.

சமாதானக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் 1957 ஜூலையில் நடந்த முதுகுளத்தூர் இடைத்தேர்தலை ஒட்டி மூண்ட கலகத்தைத் தணிப்பதற்காக, செப்டம்பர் 10-ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் இரு தரப்புத் தலைவர்களையும் கூட்டிப் பேசவைத்தார். அக்கூட்டத்தில் கலந்துகொண்ட தலைவர்களுள் ஒருவரான இம்மானுவேல் சேகரன் மறுநாள் இரவு பரமக்குடியில் கொலையுண்டார். ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்துவிட்டால் மனம் இளகும் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

கார்டன் ஆல்போர்ட் என்னும் அமெரிக்க மனவியலார் 1954-இல் எழுதியதை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. பகைகொண்ட இரு கூட்டத்தார் சந்திப்பதனாலேயே பகை குறைவதில்லை. சந்திப்பில் இருவரும் சம அந்தஸ்து உடையவர்களாயிருக்கவேண்டும், பொது நோக்கம் ஒன்று வேண்டும், ஒத்துழைத்தே அதை அடையவேண்டும், சட்டமும் அதிகாரமும் அச்சந்திப்பை ஆதரிக்கவேண்டும் என்றார் அவர். அதே ஆண்டின் கோடையில் முசாஃபர் ஷெரீஃப் ஓக்லஹோமாவின் ஒரு முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் பகைமூட்டிவிட்டுப் பார்த்ததும் இதையே உறுதிப்படுத்திற்று. சேர்ந்து சாப்பிட வைத்தபோது அச்சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உணவை வீசி அடித்தார்கள். முகாமின் குடிநீர் தடைப்பட்டு, எல்லோரும் சேர்ந்தே அதைச் சீர்செய்யவேண்டி வந்தபோதுதான் பகை தளரத் தொடங்கியது. இப்பரிசோதனையைக் கிராமத்துக்கு அப்படியே பொருத்திவிடலாமென்று சிலர் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சிறுவர்கள் இரு தரப்பும் ஒரே நிறம், ஒரே மதம், ஒரே தரத்துக் குடும்பங்கள். நம் ஊர்களிலோ பொதுக்காரியமே சண்டைக்கு விதையாவதுண்டு. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யார் தலையில் பரிவட்டம் என்ற வழக்குகள் எத்தனை முறை மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் படியேறியிருக்கின்றன! ஊரே கூடித் தேரிழுத்தாலும், வடத்தைத் தொட உரிமை இல்லாதவர் அங்கே சகபங்காளர் அல்லர்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளையும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். 1996-இல் இவற்றின் தலைவர் பதவிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபின், பத்தாண்டுக் காலம் திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவிக்கப்பட்டும், ஒன்று யாரும் மனுச் செய்யவில்லை, அல்லது ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஒருவர் வென்று உடனே ராஜினாமா செய்தார். 2006 அக்டோபரில்தான் நான்கிலும் முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த உதயசந்திரன் அவ்வூர்களுக்குப் பலமுறை நேரில் போய்ப் பேசினார். போலீஸ் பாதுகாப்பு இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அவ்வூராட்சிகளைக் கௌரவித்தார். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக் கிராம சபையில் வந்து உட்கார்ந்தார். இங்கே யாராவது யாரையாவது மன்னித்தார்களா என்று கேட்பவருக்கு, அந்தக் கேள்வியே முந்திக்கொண்டு வருகிறது என்று பதில் சொல்வேன். நடந்தது வேறு: தேர்தலில் நிற்பது உயிருக்கு ஆபத்து என்ற நிலை மாறி, நிற்கவிடாமல் தடுப்பது ஊருக்கு நஷ்டம் என்ற நிலை ஏற்பட்டது. மெக்கல்லோவின் இரண்டு கேள்விகளுக்கும் விடையை அரசாங்கம் வெளியிலிருந்து மாற்றியமைத்தது. உள்ளங்கள் மாறினவா என்பது பிறகு வரவேண்டிய கேள்வி.

சாதாரண ஊராட்சிப் பகைக்கே திரும்புவோம். ஏனெனில் நல்லவேளையாக நம் ஊர்களில் பெரும்பாலானவை மேலவளவு அல்ல. அங்கே பகையை நீட்டிப்பதில் பெரும்பங்கு தவறான அனுமானத்துக்கு உண்டு. தங்களை எதிர்க்கட்சியார் எவ்வளவு வெறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கட்சிக்காரர்களிடம் கேட்டு, உண்மையான வெறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஊகித்த வெறுப்பு உண்மையைப்போல் இரு மடங்குக்கும் குறையாதிருந்ததாக 2020-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தன் துக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதிலும் மனிதன் இப்படியே தவறுகிறான். 1994-இல் டெக்ஸஸ் மாநிலத்தில் ஆன் ரிச்சர்ட்ஸை ஜார்ஜ் புஷ் தோற்கடித்த ஆளுநர் தேர்தலில், தோற்றவருடைய ஆதரவாளர்கள் ஒரு மாதத்துக்குப் பிறகும் தாம் துயரத்தில் ஆழ்ந்திருப்போம் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் விசாரித்தபோது, அவர்கள் சொன்ன அளவுக்குத் துயரமும் இல்லை, புதிய ஆளுநர்மேல் எதிர்பார்த்த அளவுக்கு வெறுப்பும் இல்லை. மனம் தானாகவே ஆறத் தெரிந்தது. ஆறப்போவதை மட்டும் அறியாதது.

அப்படியானால் ஆறவேண்டிய பகை ஆறாமல் நிற்பது எதனால்? இதற்குக் கணிதம் ஒரு விடை தருகிறது. ராபர்ட் ஆக்ஸல்ராட் என்னும் அரசியல் அறிஞர், ஒத்துழைப்பதா வஞ்சிப்பதா என்று இருவர் மீண்டும் மீண்டும் முடிவெடுக்கும் ஒரு விளையாட்டுக்குப் பலரிடமிருந்தும் கணிப்பொறி உபாயங்களை வரவழைத்துப் போட்டி வைத்தார். அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிக எளிய உபாயம் வென்றது: முதலில் நன்மை செய், பிறகு எதிரி செய்ததையே திருப்பிச் செய். இது நம் மொய் நோட்டின் தர்மமேயாகும். இதில் ஒரு குறை உண்டு. ஒரு தரம் யாரேனும் தவறிவிட்டால், அந்தத் தவறு இருவருக்கிடையே முடிவின்றி எதிரொலித்துக்கொண்டேயிருக்கும். பத்திரிகை கொடுக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. கொடுக்கவில்லை என்று அவர்கள் வரவில்லை. வரவில்லை என்று இவர்கள் போகவில்லை. மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992-இல் இதற்கு ஒரு திருத்தம் கண்டார்கள்: எதிரியின் தீங்கில் மூன்றுக்கு ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிற உபாயமே தவறுகள் மலிந்த உலகில் நிலைபெறுகிறது. மூன்றையும் விடுகிறவனை ஏமாற்றுக்காரர்கள் தின்றுவிடுவார்கள். ஒன்றையும் விடாதவன் தன் பிள்ளைக்கும் பகையைச் செய்முறையாக எழுதிவைத்துப் போகிறான். ஆக்ஸல்ராட் இன்னொன்றையும் வற்புறுத்தினார். இந்த ஒத்துழைப்பெல்லாம், இருவரும் மறுபடி சந்திப்பது நிச்சயம் என்று தெரிந்தவரையில்தான். வருங்காலம் மங்கினால், இன்றைக்கு ஏய்ப்பதே லாபமாகிவிடும்.

தேர்தலில் தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொள்வதும் இதே அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. 2005-இல் கிறிஸ்டோபர் ஆண்டர்சன் முதலியோர் பல நாட்டுத் தகவல்களை ஆராய்ந்து தோற்றவர்களின் சம்மதத்தைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்கள். ஐந்தாண்டு கழித்து, இன்ன தேதியில், மறுபடியும் தன் முறை வரும் என்று தெரிந்திருப்பவனுக்கு, வென்றவனோடு வாய்க்கால் தகராறை முற்றவிடாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது. வாக்குக் கேட்டு அதே வாசலில் அவன் நிற்கவேண்டியிருக்கும். நம் ஊராட்சிகளிலோ, 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது, நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத்தால் ரத்தாகி, மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினார்கள். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும், அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பூட்டு சாவிச் சின்னத்தில் தோற்றவர் தம்முடைய முறை எப்போது வரும் என்று ஒன்றிய அலுவலகத்தில் அன்றைக்குப் போய் விசாரித்திருந்தால், அவருக்குச் சொல்ல அங்கே ஒரு தேதி இல்லை.